போருக்குப் போனது யார்? போருக்குப் பின் கட்டியது யாருக்கு?



சேத்தியாத்தோப்பு கூட்ரோட்டில் இறங்கி சிதம்பரம் சாலையிலோ விருத்தாசலம் சாலையிலோ கொஞ்ச தூரம் நடந்தால் ஏதாவது ஒரு சேரிக்கு வந்துவிடலாம். அங்கே ஏதோ ஒரு வீட்டைக் காட்டி 'பட்டாளத்தார் வீடு' என்பார்கள். பட்டாளத்தார் செத்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், வீடும் இரண்டு முறை இடிந்து மாறியிருக்கும், ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த நாட்டில் நின்றார், துப்பாக்கி பிடித்தாரா, மண்வெட்டி பிடித்தாரா என்று கேட்டால் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. 'பர்மாவுக்குப் போனாராம்', 'பஸ்ராவுக்குப் போனாராம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்த வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. கடல் கடந்த போருக்கு நம்மவர்களை அனுப்பியது யார், யாரைக் கேட்டு அனுப்பினார்கள்? போர் முடிந்து 'மறுசீரமைப்பு' என்று அரசு பேசியபோது அதில் நமக்கு என்ன கிடைத்தது? இந்த இரண்டு கேள்விகளையும் சட்டமன்றத்துக்குள் நின்று கேட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் அம்பேத்கர். 1939-இல் எதிர்க்கட்சி வரிசையில் நின்று அவர் கேட்டார். 1942 முதல் 1946 வரை அரசின் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னார். ஒரே மனிதர் கேள்வியின் இரு பக்கமும் நின்ற அந்த ஏழு ஆண்டுகளை நாம் போதிய அளவு படிக்கவில்லை. அரசியல் சட்டத்தை எழுதிய அம்பேத்கரை நமக்குத் தெரியும். போர்க்கால அரசின் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கரை அந்த அளவுக்குத் தெரியாது.

கதவைத் திறந்ததும் சாத்தியதும்

முதலில் பழைய கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் தீண்டப்படாதோர் ஏராளமாக இருந்தார்கள். மதராஸ் படையிலும், அதன் சாப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவிலும் பறையர்கள் இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818-இல் கோரேகானில் நின்றவர்களின் நினைவுத்தூணுக்கு அம்பேத்கர் ஏன் போனார் என்பது நமக்குத் தெரிந்ததே. பட்டாளம் நம்மவர்களுக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை. எழுத்தும் தந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், பட்டாளப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடம் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலத்தில் கன்டோன்மெண்ட் பள்ளி உள்ளே உட்கார வைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த முதல் தலைமுறைத் தலித் அறிவாளர்களுக்குப் பின்னால் பட்டாளம், ரயில்வே, சுரங்கம், தோட்டம் என்று ஏதோ ஒரு வெளி இருந்தது.

அந்தக் கதவைத்தான் பிரிட்டிஷார் சாத்தினார்கள். 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் காலத்தில் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு உறுதிப்பட்டது. வடமேற்கிலுள்ள சில சாதிகளும் சமூகங்களும் வீரர்கள், தெற்கத்தியரும் தாழ்ந்த சாதியாரும் வீரத்துக்கு ஆகாதவர்கள் என்பது அதன் சாரம். 1890களில் மகர்களுக்கு ஆளெடுப்பு நிறுத்தப்பட்டது. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்த அதே சமூகங்களின் மீது 'வீரமற்றவர்' என்ற முத்திரை குத்தப்பட்டது.

முதல் உலகப்போர் வந்ததும் முத்திரை மறந்துபோனது. ஆள் வேண்டியிருந்தது. 1917-இல் 111-ஆவது மகர் பிரிவு தொடங்கப்பட்டது. சைமன் கமிஷன் அறிக்கை தரும் கணக்கின்படி அந்தப் போரில் மதராஸ் மாகாணத்திலிருந்து 51,000-க்கும் மேற்பட்ட போர்வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். போர் முடிந்தது. 1921-இல் மகர் பிரிவு கலைக்கப்பட்டது. 1920களின் இறுதிக்குள் மதராஸ் ரெஜிமெண்ட் இல்லாமல் போனது. 1933-இல் மதராஸ் பயனியர்களும் கலைக்கப்பட்டார்கள். அதே சைமன் அறிக்கையில் 1930-ஐ ஒட்டிய நிலையைப் பாருங்கள்: ஏறத்தாழ 1,58,000 போர்வீரர்களில் பஞ்சாபியர் 86,000, மதராஸ் மாகாணத்தவர் 4,000.

51,000 பேரைக் கொடுத்த மாகாணத்துக்கு 4,000 இடம். மழை வந்தால் குடை, விட்டால் மூலை. தீண்டப்படாதோரும் பட்டாளமும் பற்றிய வரலாற்றை இப்படிச் சுருக்கிவிடலாம்.

வாக்கு இல்லை, கேள்வி மட்டும் உண்டு

இதையெல்லாம் சட்டமன்றத்தில் யாரும் தட்டிக் கேட்கவில்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். அன்றைய மத்தியச் சட்டமன்றத்துக்கு இருந்த அதிகாரத்தைத் தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ராணுவச் செலவின் மீது உறுப்பினர்கள் வாக்களிக்க முடியாது. வரவுசெலவுத் திட்டத்தின் மிகப்பெரிய பகுதி அதுதான். ஆனாலும் அதில் ஒரு ரூபாயைக்கூட வெட்ட அவர்களால் முடியாது. பேசலாம், வினா எழுப்பலாம். ராணுவத்தைப் பொறுத்தவரை மக்கள் பிரதிநிதியின் கையிலிருந்த ஒரே ஆயுதம் கேள்விதான்.

அந்தக் கேள்விக்கும் பதில் மறுக்கப்பட்டது. படையில் எந்தெந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று 1930களில் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்ற பாங்கிலேயே அரசு பதில் சொல்லிவந்தது. 1940-இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் அம்பேத்கர் இந்தக் கேள்வி பதில்களை எடுத்துப்போட்டு ஆராய்கிறார். அங்கே அவருடைய பிரச்சினை படையில் முஸ்லிம்களின் விகிதம். நம்முடைய பிரச்சினை அதுவல்ல. ஆனால் அவர் போன வழி நமக்குப் பாடம். அரசு கணக்குக் கொடுக்க மறுத்தபோது அவர் பழைய அறிக்கைகளையும் நீரத் சௌதரி இதழ்களில் எழுதிய கட்டுரைகளையும் தேடி, 1856-இலிருந்து படையின் சாதி, மாகாண விகிதம் எப்படி மாறியது என்று தாமே அட்டவணை போட்டார். 'போர்க்குணம்' என்பது பிறவியில் வருவது அல்ல, 1857 கலகத்தில் யார் பக்கம் நின்றார்கள் என்பதைப் பார்த்து ஆட்சியாளர்கள் உருவாக்கிய பாகுபாடு என்பதை அந்த அட்டவணையே காட்டிவிட்டது.

மறைக்கப்படுகிற கணக்குதான் கேட்கவேண்டிய கணக்கு. இதை நாம் மனத்தில் வைத்துக்கொண்டு 1939-க்குப் போவோம்.

1939: யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?

ஐரோப்பாவில் போர் மூள்வதற்கு முன்பே, 1939 கோடையில், இந்தியத் துருப்புகள் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. மத்தியச் சட்டமன்றத்தின் சம்மதம் பெறப்படவில்லை. இதைக் கண்டித்து அடுத்த கூட்டத்தொடருக்குப் போகவேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குக் காங்கிரஸ் சொன்னது. செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். 35 கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் போரில் இறக்க ஒரு அறிவிப்பு போதுமாக இருந்தது.

அக்டோபர் கடைசி வாரத்தில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பிரதமர் பி.ஜி. கேர் இதைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் தலைவராக அந்த அவையில் இருந்த அம்பேத்கர் பேசினார். அவருடைய நிலைப்பாட்டை இரண்டு தரப்புமே பிடிக்காத நிலைப்பாடு என்று சொல்லலாம். இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்தது தவறு என்பதில் அவருக்கு மாற்றுக்கருத்து இல்லை. இந்தியா தன்னைத்தானே பாதுகாத்துக்கொள்ளும் நிலையில் ஏன் வைக்கப்படவில்லை, போர் முடிந்தபின் அதன் நிலை என்ன என்றும் அவர் பிரிட்டிஷாரைப் பார்த்துக் கேட்டார். ஆனால் அதே மூச்சில் காங்கிரஸைப் பார்த்தும் கேட்டார்: 'இந்திய மக்களின் சம்மதம்' என்கிறீர்களே, அந்த மக்களில் நாங்கள் யார்? கிராமத்தில் கிணற்றுக்கு அருகே வரக்கூடாது என்று நிறுத்தப்பட்டவனின் சம்மதத்தை அவனைக் கேட்காமலே நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?

நாட்டின் நலனுக்கும் தம் சொந்த நலனுக்கும் இடையே மோதல் வந்தால் நாட்டைத் தேர்ந்தெடுப்பேன், நாட்டுக்கும் தீண்டப்படாத மக்களுக்கும் இடையே வந்தால் அந்த மக்களையே தேர்ந்தெடுப்பேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது இந்த விவாதத்தில்தான். இதைப் பின்னால் எத்தனையோ பேர் 'தேசவிரோதம்' என்று திரித்தார்கள். போர் விவாதத்தின் நடுவே வைத்துப் படித்தால் அதன் பொருள் தெளிவாகத் தெரியும். வைஸ்ராய் மக்களைக் கேட்காமல் மக்களுக்காக முடிவெடுத்தது குற்றம் என்றால், ஊர் சேரியைக் கேட்காமல் சேரிக்காக முடிவெடுப்பதும் குற்றம்தான்.

அடுத்த சில நாட்களில் காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின. போரோ தொடர்ந்தது. அதற்குள் 25 லட்சம் பேரைக் கொண்ட படையாக இந்திய ராணுவம் வளரப்போகிறது என்பதும், ஏறத்தாழ 87,000 பேர் திரும்பி வரப்போவதில்லை என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

மீண்டும் திறந்த கதவு

போர் வளர வளர 'போர்க்குண' சாதிகள் போதவில்லை. சாத்திய கதவு மீண்டும் திறந்தது. 1941-இல் மகர் ரெஜிமெண்ட் அமைந்தது. அம்பேத்கர் அதற்காக வாதாடினார், இளைஞர்களைச் சேரச் சொன்னார். 1943 மார்ச்சில் சமார் ரெஜிமெண்ட் அமைந்தது, பர்மா முனையில் போரிட்டது. 1941-இல் மதராஸ் ரெஜிமெண்டுக்கும் மீண்டும் உயிர் வந்தது. தென்னாற்காடு மாவட்டச் சேரிகளிலிருந்து போனவர்கள் காலாட்படைக்கு மட்டும் போகவில்லை. பயனியர் பிரிவு, சாலை போடும் பிரிவு, பொறியியல் பிரிவு, சமையல், துப்புரவு என்று போனார்கள். ராணுவத்திலும் 'பின்தொடர்வோர்' என்று ஒரு பிரிவு இருந்தது. தோல் தைப்பவர், துப்புரவு செய்பவர், தண்ணீர் சுமப்பவர் எல்லாம் அதில் அடக்கம். சேரியில் என்ன வேலை செய்தானோ அதையே செய்ய கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். சாதியும் கூடவே கடல் கடந்தது.

பிரிட்டிஷ் போருக்கு ஏன் ஆள் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் நம் இயக்கங்களில் எழுகிறது. இதை மழுப்ப வேண்டியதில்லை. நாஜிகள் வென்றால் உழைப்பாளிக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் எதிர்காலமே இல்லை என்று அம்பேத்கர் உறுதியாக நம்பினார். 1942 இறுதியில் வானொலியில் பேசியபோது, உழைப்பாளிகள் விரும்புவது போரில் வெற்றி மட்டுமல்ல, போருக்குப் பின் மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்திலேயே ஒரு மாற்றம் என்ற பொருளில் விளக்கினார். இதை ஏற்காதவர்கள் அன்றும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் போருக்கு ஆளைக் கொடுத்தபோதே, 'திரும்பி வந்ததும் எங்களுக்கு என்ன?' என்ற கேள்வியையும் அவர் சேர்த்தே கொடுத்தார் என்பதை மறுக்க முடியாது. முதல் உலகப்போரில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் 51,000 பேர் 4,000 ஆனார்கள்.

பதில் சொல்லும் நாற்காலி

1942 ஜூலையில் நாகபுரியில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அதன் தலைவராகவும் ஆனவர் நம் தமிழ்நாட்டின் என். சிவராஜ். மத்தியச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அதே மாதத்தில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற மூன்றே மாதத்தில், 1942 அக்டோபர் 29-ஆம் தேதி, வைஸ்ராய்க்கு ஒரு நீண்ட கோரிக்கை மனு கொடுத்தார். அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் என்று அதைச் சொல்லலாம். மத்திய அரசுப் பணிகளில் எங்கள் பங்கு என்ன? வெளிநாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் உதவி இல்லை? பொதுப்பணித்துறை ஒப்பந்தங்கள் எங்களுக்கு ஏன் எட்டுவதில்லை? இதன் விளைவாகத்தான் 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. 1946-இல் அது 12.5 சதவீதமானது. உயர்கல்விக்கான உதவித்தொகையும் வந்தது. இடஒதுக்கீடு விடுதலைக்குப் பின் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை என்று பேசுகிறவர்களுக்கு இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். பர்மாவில் நம்மவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த நாட்களில் டெல்லியில் கேட்டு வாங்கியது அது.

இன்னொன்று, வேலைவாய்ப்பு அலுவலகம். நம் மாவட்டத்தில் பள்ளிப்படிப்பை முடித்த எந்தப் பிள்ளையும் கடலூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பதிவு செய்த இடம் அது. அந்த அமைப்பு 1945 ஜூலையில் தொழிலாளர் துறையின் கீழ்த் தொடங்கிய மறுகுடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகத்திலிருந்து வளர்ந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கும் போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை இழந்தவர்களுக்கும் வேலை தேடிக்கொடுப்பதே அதன் முதல் வேலை. பட்டாளத்தார் வீட்டுப் பேரன் கையிலிருக்கும் பதிவு அட்டையும் அவன் தாத்தா போன போரும் இப்படித் தொடர்புடையவை.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் பெண்கள் இறங்கி வேலை செய்யக்கூடாது என்ற தடை 1930களின் இறுதிக்குள் நடைமுறைக்கு வந்திருந்தது. போரில் நிலக்கரித் தட்டுப்பாடு வந்ததும் 1943-இல் அரசு அந்தத் தடையை நீக்கியது. துறை அம்பேத்கருடையது. 1944 பிப்ரவரி 8-ஆம் தேதி மத்தியச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் அவரைக் கேள்விகளால் துளைத்தார்கள். நெருக்கடியையும், ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கும் தரப்படுவதையும் சொல்லி அவர் வாதாடினார். நமக்கு அந்த வாதம் முழு நிறைவு தரவில்லை. சுரங்கத்தின் அடிக்கு இறங்கிய பெண்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகளும் தாழ்த்தப்பட்டவர்களும்தான். ஆனால் அவர் பதில் சொல்லாமல் தப்பிக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்திருந்தது. 1946-இல் பெண்கள் மீதான தடை திரும்பவும் கொண்டுவரப்பட்டது. நம் தலைவரையும் கேள்விக்கு உட்பட்டவராகவே படிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மறுசீரமைப்பு என்ற சொல்லுக்கு அன்று பலர் பல பொருள் சொன்னார்கள். 1944 தொடக்கத்தில் தொழிலதிபர்கள் பம்பாய்த் திட்டத்தை வெளியிட்டார்கள். அந்த ஆண்டே அதில் கையெழுத்திட்ட அர்தேஷிர் தலால் திட்டமிடல் துறைக்கு வந்தார். அம்பேத்கர் பாசனம், மின்சாரம் குறித்த மறுசீரமைப்புப் பணியைக் கையில் எடுத்தார். 1943 அக்டோபர் 25-ஆம் தேதி டெல்லியில் நடந்த கொள்கைக் குழுக் கூட்டத்தில் மின்சாரம் எதற்கு என்ற கேள்வியை எழுப்பி, தொழில்மயமாவதற்கு என்று பதில் சொன்னார். தொழில்மயம் எதற்கு? நிலத்தையே நம்பிக் கிடக்கும் மக்களை வறுமையிலிருந்து மீட்பதற்கு. இந்தக் கடைசிப் பதில் நமக்கு முக்கியம். நிலமில்லாதவன் நிலமுள்ளவனிடம் கட்டுண்டு கிடக்கும் கிராமத்திலிருந்து வெளியே போக ஒரு வழி வேண்டும் என்பதே அவர் கணக்கு. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம், மகாநதித் திட்டம் ஆகியவற்றுக்கான மாநாடுகள், மத்திய நீர்வழி ஆணையம், மத்திய மின்சார வாரியம் எல்லாம் 1944, 1945-இல் அந்த மேசையிலிருந்து எழுந்தவை.

அஜீஸ் நகரில் தோண்டிய துளை

இதில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1940களின் நடுவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நெய்வேலி, அஜீஸ் நகர் பகுதியில் துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியைத் தேடியது. அந்தத் துறை அப்போது தொழிலாளர் துறையின் கீழ் இருந்தது. அஜீஸ் நகர் எது என்று தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறோம்: குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் நம் பகுதி வேப்பூர்ப் பறையர்களைக் கொண்டுவந்து அடைத்துவைத்த குடியிருப்பு அது. இருந்த இடத்தை விட்டு நகர அனுமதி கேட்கவேண்டிய மக்களின் காலடியில்தான் நாட்டின் எதிர்கால மின்சாரம் கிடந்தது. மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நெய்வேலி நிறுவனம் 1956-இல் அமைந்து, 1957 மே 20-ஆம் தேதி நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

அந்தச் சுரங்கம் பலருக்கு வேலை கொடுத்தது, நம்மவர்களில் ஒரு பகுதியைக் கூலி விவசாயத்திலிருந்து மீட்டது. இதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாவைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பட்டா இல்லாதவன் இழந்தது என்ன? நடவும் களையெடுப்பும் அறுப்பும். வருடத்தில் இத்தனை நாள் கூலி என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வாழ்க்கை. அது எந்த ஆவணத்திலும் ஏறவில்லை.

மறுசீரமைப்பின் உள்ளே ஒளிந்திருந்த இந்தக் குறையை அம்பேத்கர் போர் முடிந்ததுமே கண்டார். 1946-இல் வந்த அமைச்சரவைத் தூதுக்குழு தீண்டப்படாதோரின் அரசியல் கோரிக்கைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. பர்மாவில் போரிட்ட சமார் ரெஜிமெண்ட் அதே ஆண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டது. 1921 திரும்ப வந்தது. 1947-இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் நிலம் அரசுடைமையாக வேண்டும், கூட்டுப்பண்ணையாகச் சாகுபடி செய்யவேண்டும் என்று கேட்டதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அணை வந்தாலும் மின்சாரம் வந்தாலும் நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே பலன் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

பாக் நீரிணைக்கு அப்பால்

இது பழங்கதை அல்ல. விடுதலைக்குப் பின் இந்தியா கடல் கடந்து நடத்திய மிகப்பெரிய ராணுவ நடவடிக்கை நம் கண்ணெதிரே நடந்தது. 1987 ஜூலை 29-ஆம் தேதி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கைக்குப் போன அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஈழத் தமிழ் மக்கள் பட்ட துயரம் அதனினும் பெரிது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நடந்ததை அம்மக்கள் மறக்கவில்லை. படையை அனுப்பும் முடிவை நாடாளுமன்றத்தின் முன்சம்மதத்துக்கு விடும் கடமை அரசுக்கு இருக்கவில்லை. இன்றும் இல்லை. 1939-இல் எழுந்த கேள்வி இந்த அளவில் அப்படியே நிற்கிறது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த அக்டோபரில் தமிழகத்திலிருந்து 10 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இலங்கைக்குப் போய் முகாம்களைப் பார்த்தார்கள். சேத்தியாத்தோப்பை உள்ளடக்கிய நம் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினர் தொல். திருமாவளவனும் அவர்களில் ஒருவர். 2010-இல் இந்தியா 50,000 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு உரிமையாளரே கட்டிக்கொள்ளும் திட்டம் 2012 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. வீடு ஒன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாய். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதனால் கூரை பெற்றன. நல்ல காரியம்தான்.

ஆனால் உரிமையாளரே கட்டவேண்டும் என்றால் முதலில் உரிமை இருக்கவேண்டும், அதாவது நிலம் இருக்கவேண்டும். வலிகாமம் வடக்கிலிருந்து 1990-ஐ ஒட்டி இடம்பெயர்ந்து, போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களிலேயே கிடந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமுள்ளவர்கள் நிலம் விடுபட்டதும் திரும்பினார்கள். வெளிநாட்டில் உறவு உள்ளவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த முகாம்களில் மிஞ்சியவர்கள் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் எல்லாத் தமிழரையும் துரத்தியது. மறுசீரமைப்பு சாதி பார்த்து வீட்டுக்கு அனுப்பியது. யாரும் அப்படித் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. நிலத்தை அளவுகோலாக வைத்தால் போதும், மற்றதைச் சாதி பார்த்துக்கொள்ளும்.

நாம் கேட்க வேண்டியவை

திரும்பவும் நம் ஊருக்கு வருவோம். 2023 ஜூலை 26-ஆம் தேதி, சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலுள்ள மேல்வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நெய்வேலி நிறுவனம். நாடே அதிர்ந்தது. உயர்நீதிமன்றம் பயிருக்கு இழப்பீடு தரச்சொன்னது. சரிதான். அந்த வயலில் நட்ட பெண்கள் எத்தனை பேர், அறுப்புக்கு நிற்கவிருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நாமும் பொறுப்பு.

ஆகவே மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சேரிகளில் இருக்கும் பட்டாளத்தார் வீடுகளுக்குப் போங்கள். டிரங்குப் பெட்டியில் விடுவிப்புச் சான்றிதழோ பதக்கமோ இருக்கும். படைப்பிரிவு, எண், போன நாடு, திரும்பிய ஆண்டு, அதன்பின் கிடைத்த ஓய்வூதியம், நிலம், வேலை எதுவானாலும் எழுதுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நெய்வேலிக்காக எடுத்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களின் பெயர்களையும் அதேபோல் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. அன்று சட்டமன்ற உறுப்பினருக்கு மட்டும் இருந்த கேள்வி கேட்கும் உரிமையில் ஒரு பங்கு இன்று பத்து ரூபாய் கட்டணத்தில் உங்களுக்கும் உண்டு. பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுத்தால், அம்பேத்கர் செய்ததுபோல நாமே அட்டவணை போடுவோம். திரட்டியதை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வினாவாக எழுதிக் கொடுப்போம். அவர்கள் கேட்கட்டும். கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று அவர்களையும் கேட்போம்.

1917-இல் போனவர்களுக்காகக் கேட்க ஆளில்லை, 1921-இல் கலைக்கப்பட்டார்கள். 1942-இல் கேட்க ஒருவர் இருந்தார். 8.33 சதவீதமும் உதவித்தொகையும் வந்தன, வேலைவாய்ப்பு அலுவலகமும் அவர் துறையிலிருந்தே வந்தது. நிலத்தைப் பற்றி அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை அவர் நம்மிடம் விட்டுப்போயிருக்கிறார்.

அடுத்த ஆண்டு இதே நாளில் நாம் கூடும்போது, பட்டாளத்தார் வீடுகளின் முதல் பட்டியலை இந்த மேடையில் படிப்போம்.

ஜெய் பீம்.